பெரிய டயர் உரசாமல் இருக்க ரிம் ஆஃப்செட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி? குமரி மலைப்பாதைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை, மாறாமலை என்று ரப்பர் எஸ்டேட் பாதைகளில் ஓடும் ஜிம்னி, தார், பழைய ஜிப்ஸி வண்டிக்காரர்கள் அதிகம் கேட்பது ஒரே கேள்விதான்: “பெரிய டயர் போட்டேன், ஒடிக்கும்போது உரசுது. மைனஸ் எத்தனை ஆஃப்செட் வாங்கணும்?”

இதற்கு எண்ணாகப் பதில் சொல்லும் கடையில் ரிம் வாங்காதீர்கள். டயர் எங்கே உரசுகிறது என்று கேட்காமல் யாராலும் அந்த எண்ணைச் சொல்ல முடியாது. உள்பக்கம் சஸ்பென்ஷன் கையில் உரசுகிற டயரை வெளியே தள்ளினால் அந்த உரசல் தீரும். முன்பம்பர் மூலையில் உரசுகிற டயரை வெளியே தள்ளினால் இன்னும் மோசமாகும். ஆஃப்செட் டயரைப் பக்கவாட்டில் மட்டும்தான் நகர்த்தும். உயரத்தால் வருகிற உரசலுக்கு அதில் மருந்து இல்லை.

இந்த வழிகாட்டிக்கு மாருதி ஜிம்னியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். கம்பெனியிலிருந்து வரும் டயர் 195/80 ஆர்15 (பருமன் 195 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் விட்டம் 15 இன்ச்). ரிம் 15×5.5ஜே (அகலம் 5.5 இன்ச்), ஆஃப்செட் +5, ஐந்து நட், பிசிடி (நட் ஓட்டைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம்) 139.7 மி.மீ. உங்கள் வண்டி வேறு என்றால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கு அதேதான்.

ஆஃப்செட் என்றால் என்ன

ரிம்மின் அகலத்துக்குச் சரியான நடுவில் ஒரு கோடு போடுங்கள். வீலைத் தாங்கிச் சுழலும் ஹப்பில் ஒட்டி உட்காரும் முகம் அந்த நடுக்கோட்டிலேயே இருந்தால் ஆஃப்செட் பூஜ்யம். அந்த முகம் தெருப்பக்கமாக இருந்தால் பிளஸ். வீல் வண்டிக்குள் தள்ளி உட்காரும். எஞ்சின் பக்கமாக இருந்தால் மைனஸ். வீல் வெளியே துருத்தும். ரிம்மின் பின்புறத்தில் ‘இடி’ என்ற எழுத்துகளோடு மில்லிமீட்டரில் ஓர் எண் அச்சடித்திருக்கும். அதுதான் இது.

எண் அழிந்துபோன பழைய ரிம் கிடைத்தால் அளந்து கண்டுபிடிக்கலாம். டயர் இல்லாத ரிம்மைக் குப்புறப் போட்டு, பின் விளிம்பின் மேல் ஒரு நேரான கட்டையை வையுங்கள். கட்டையில் இருந்து ஹப் முகம் வரை எவ்வளவு ஆழம் என்று அளங்கள். பிறகு விளிம்போடு சேர்த்து ரிம்மின் மொத்த அகலத்தை அளந்து பாதியாக்கி, ஆழத்தில் இருந்து கழியுங்கள். மொத்த அகலம் 203 மி.மீ., ஆழம் 92 மி.மீ. என்றால், 92-இல் 101.5 போக ஆஃப்செட் ஏறத்தாழ மைனஸ் 10. ரிம்மில் எழுதியிருக்கும் 7ஜே என்பது டயர் உட்காரும் இடத்தின் அகலம்தான்; விளிம்போடு சேர்த்தால் ஓர் இன்ச் போல கூடும். இதை மறந்துவிட்டு 7 இன்ச்சைப் பாதியாக்கினால் கணக்கு அரை இன்ச் தப்பும்.

பிசிடியையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஐந்து நட் ரிம்மில் பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் மையங்களுக்கு இடையே 82 மி.மீ. இருந்தால் அது 139.7. 67 மி.மீ. இருந்தால் 114.3. நடு ஓட்டையும் முக்கியம். ஜிம்னிக்கு அது 108 மி.மீ. அதைவிடச் சின்ன ஓட்டை ஹப்பில் ஏறவே ஏறாது.

முதல் வேலை: எங்கே உரசுகிறது?

நம் ஊர்ச் செம்மண்ணே இதைக் காட்டிக்கொடுக்கும். மழைக்குப் பிறகு ஓர் எஸ்டேட் பாதையில் போய்விட்டு வந்து, கழுவுவதற்கு முன்னால் டார்ச் அடித்து வீல் ஆர்ச்சுக்குள் பாருங்கள். எல்லா இடமும் சிவப்பாக அப்பியிருக்க, ஓர் இடத்தில் மட்டும் வளைவாக, பளபளவென்று கறுப்பு பிளாஸ்டிக் தெரியும். டயர் துடைத்துப்போன இடம் அது. காய்ந்த வண்டியாக இருந்தால் டயரின் தோளிலும் பக்கச் சுவரிலும் சாக்பீஸைப் பட்டையாகத் தேய்த்து, ஒரு மைதானத்தில் இரண்டு பக்கமும் முழுசா ஒடித்து ஓட்டுங்கள். ரிவர்ஸிலும் ஒடித்துப் பாருங்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் எதிர்த்திசையில் நெளிவதால், முன்னால் போகும்போது உரசாத இடம் அப்போது உரசலாம்.

உரசும் இடங்களை நான்காகப் பிரித்துக்கொள்ளலாம்.

உள்பக்கம்: ஜிம்னியில் முன் அச்சில் இருந்து பின்னோக்கிப் போகிற கை, ஜிப்ஸியில் லீஃப் பட்டை, தார் போல முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் மேல் கை. முன்பக்கம்: பம்பர் மூலை, அதன் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் லைனர். பின்பக்கம்: மட்ஃப்ளாப், கதவுக்குக் கீழே உள்ள சில். மேல்பக்கம்: சஸ்பென்ஷன் முழுசா அமுங்கும்போது ஃபெண்டர் விளிம்பு.

ஆஃப்செட்டைக் குறைத்தால் தீருவது இந்த நான்கில் முதலாவது மட்டும்தான். மற்ற மூன்றும் அதனால் கூடும். ஏன் என்று புரிந்துகொண்டால் கடையில் யாராலும் உங்களை ஏமாற்ற முடியாது.

வெளியே தள்ளினால் பம்பரில் ஏன் இடிக்கிறது

ஒடிக்கும்போது முன்வீல் தன் நடுவைச் சுற்றித் திரும்புவதில்லை. உள்ளே இருக்கும் கிங்பின் என்ற திரும்பும் அச்சைச் சுற்றித்தான் திரும்புகிறது. கிணற்றடியில் கட்டிய மாட்டுக்குக் கயிறு நீளமாக இருந்தால் அது சுற்றும் வட்டமும் பெரிதாவது போல, கிங்பின்னில் இருந்து வீல் தள்ளிப்போகத் தள்ளிப்போக அது சுழலும் வட்டமும் பெரிதாகும். இடதுபக்கம் ஒடித்தால் வலது வீல் பம்பரைப் பார்த்து முன்னால் வரும். இடது வீல் சில்லைப் பார்த்துப் பின்னால் போகும். 35 டிகிரி ஒடிப்பில், ஆஃப்செட்டில் குறைகிற ஒவ்வொரு 10 மில்லிமீட்டருக்கும் டயர் ஏறத்தாழ 6 மி.மீ. முன்னாலோ பின்னாலோ நகரும். டயர் உயரம் கூடியதால் வரும் அரை விட்டமும் இதோடு சேரும்.

அளப்பது

இந்த வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்குங்கள். சமதளத்தில், டயரில் சரியான காற்றோடு, வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு வண்டி நிற்க வேண்டும். தனியாக ஓட்டும்போது உரசாமல், குடும்பத்தோடு திற்பரப்புக்குப் போகும்போது மட்டும் உரசுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. காலி வண்டியில் அளந்ததால் வந்த வினை அது.

வெளிப்பக்கத்துக்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். ஃபெண்டர் விளிம்பில் இருந்து நூலைத் தொங்கவிட்டு, நூலுக்கும் டயரின் மிகப் பருத்த இடத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். புது டயர் இந்த நூலைத் தாண்டி வெளியே வரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. தாண்டினால் கல்லும் சேறும் கதவிலும், பின்னால் வருகிற பைக் ஓட்டுபவர் முகத்திலும் அடிக்கும்.

உள்பக்கத்தை அளக்கச் சப்பாத்திக்குப் பிசைந்த மாவு போல வேறொன்று இல்லை. சஸ்பென்ஷன் கையில் டயருக்கு எதிரே இருக்கும் இடத்தைத் துடைத்துவிட்டு, இரண்டு இன்ச் தடிமனாக ஓர் உருண்டையை அப்புங்கள். மெதுவாக முழுசா ஒடியுங்கள். டயர் தொட்டு அமுக்கிய இடத்தில் பட்டன்களின் அச்சு மாவில் விழும். திருப்பி நேராக்கிவிட்டு, அந்தக் குழியின் அடியில் ஒரு தீக்குச்சியைச் செருகி மீதித் தடிமனை அளங்கள். டேப் நுழையாத இடத்தில்கூட உண்மையான இடைவெளி கிடைத்துவிடும். இரண்டு பக்கமும் தனித்தனியாகச் செய்யுங்கள். இடதும் வலதும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம்.

பிறகு சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையில் பார்க்க வேண்டும். ஒரு முன்வீலையும் அதற்கு எதிர்மூலையில் உள்ள பின்வீலையும் உறுதியான மேட்டில் ஏற்றி நிறுத்தினால், ஏறிய வீல் ஆர்ச்சுக்குள் அமுங்கும். அந்த நிலையில் ஒடித்து, இன்னொருவரை வெளியே நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் தலையை நீட்டக்கூடாது. ஸ்டாண்ட் இல்லையென்றால் அந்தச் சோதனையே வேண்டாம்.

எவ்வளவு இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும்? நம் மாவட்டத்துக்கு நான் 15 மி.மீ. வைத்துக்கொள்ளச் சொல்வேன். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இங்கே பெய்கின்றன. ஆண்டில் பாதி நாள் எஸ்டேட் பாதை ஈரம்தான். 5 மி.மீ. இடைவெளி வறண்ட ஊரில் போதுமாக இருக்கலாம். இங்கே அந்த இடத்தில் செம்மண் அப்பி இறுகி, டயரை அரம் போல அராவிக்கொண்டே வரும்.

கணக்கு

டயர் உயரம் முதலில். 195/80 ஆர்15 என்றால் 693 மி.மீ. 215/75 ஆர்15 போட்டால் 703.5. 235/75 ஆர்15 போட்டால் 733.5. முதலாவதில் இருந்து இரண்டாவதுக்குப் போனால் அரை விட்டம் 5 மி.மீ. மட்டுமே கூடுகிறது. மூன்றாவதுக்குப் போனால் 20 மி.மீ. கூடுகிறது. 215-இல் நிம்மதியாக ஓடும் ஜிம்னி 235-இல் எல்லா மூலையிலும் முட்டுவதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது ரிம் அகலம். 235/75 ஆர்15 டயருக்கு 6 முதல் 8 இன்ச் வரை ரிம் அனுமதி. ஜிம்னியோடு வரும் 5.5 இன்ச் ரிம் அதற்குக் குறைவு. ‘மாட்டினால் உட்காரும்’ என்பார்கள். உட்காரும்தான், ஆனால் காற்றைக் குறைத்து மேடேறும்போது அந்த டயர் நெளிவது பார்க்கவே நன்றாக இருக்காது. 215/75 ஆர்15 டயருக்கு 5.5 ரிம்மே போதும்.

ரிம் அரை இன்ச் குறைந்தால் டயரின் பருமன் சுமார் 5 மி.மீ. குறையும். 235 என்பது 6.5 இன்ச் ரிம்மில் அளந்த எண். ஆகவே 6 இன்ச் ரிம்மில் அது 230 என்று வைத்துக்கொள்வோம்.

இனி சூத்திரம். ஹப் முகத்தில் இருந்து உள்பக்கம் டயர் நீட்டும் தூரம்: டயர் பருமனில் பாதியோடு ஆஃப்செட்டைக் கூட்டுங்கள். வெளிப்பக்கம்: பாதியில் ஆஃப்செட்டைக் கழியுங்கள்.

கம்பெனி வீல்: உள்ளே 97.5-உம் 5-உம் சேர்ந்து 102.5. வெளியே 92.5.

235 டயர், 6ஜே ரிம், அதே +5 ஆஃப்செட்: உள்ளே 120, வெளியே 110. உள்பக்கம் 17.5 மி.மீ. நெருங்கிவிட்டது. இதோடு, முழுசா ஒடித்த நிலையில் டயரின் பின்மூலைதான் கையைப் பார்த்து வருவதால், கூடின 20 மி.மீ. அரை விட்டத்திலும் ஒரு பங்கு, 11 மி.மீ. வரை, உள்ளே வரும். ஆக மொத்தம் 28.5.

மாவு வைத்து அளந்தபோது பழைய வீலில் 35 மி.மீ. இருந்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது மிச்சம் 6.5 மட்டும். நமக்கு வேண்டியது 15. எனவே 8.5 மி.மீ. வெளியே தள்ள வேண்டும். +5-இல் இருந்து 8.5 போனால் மைனஸ் 3.5. கடையில் கிடைக்கும் அளவுகளில் அதற்குப் பக்கத்தில் இருப்பது மைனஸ் 5. மைனஸ் 5-இல் உள் இடைவெளி 16.5, போதும்.

அதே வண்டிக்குப் பார்வைக்குக் கம்பீரம் என்று மைனஸ் 25 ரிம் போட்டால் என்ன ஆகும்? மைனஸ் 5-இல் டயர் பழைய இடத்தில் இருந்து 27.5 மி.மீ. வெளியே வரும், மைனஸ் 25-இல் 47.5. பம்பரை நெருங்கும் தூரம் மைனஸ் 5-இல் 26 மி.மீ.; மைனஸ் 25-இல் 37. உள்ளே இருந்த உரசலைத் தீர்க்க மைனஸ் 5 போதுமாக இருக்கும்போது, மேலே போட்ட ஒவ்வொரு மில்லிமீட்டரும் பம்பரை அறுக்கத்தான் பயன்படும். வீல் பேரிங்குக்கும் கிங்பின் பேரிங்குக்கும் நெம்பு கூடும். கல்லில் ஒரு வீல் ஏறினால் ஸ்டீயரிங் கையில் உதறும். தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துச் சந்துகளில் எதிரே பஸ் வந்தால், அந்தக் கூடுதல் அகலம் மதில் சுவரில் தெரியும்.

உள் உரசலைத் தீர்க்கிற மிகக் குறைந்த மாற்றம் எதுவோ, அதுவே உங்கள் ஆஃப்செட். இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஸ்பேசர் போடலாமா

10 மி.மீ. ஸ்பேசர் போட்டால் +5 என்பது மைனஸ் 5 ஆகிவிடும். கணக்கில் இரண்டும் ஒன்றுதான். வேலையில் ஒன்றல்ல. ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே வெறுமனே செருகும் தட்டு ஸ்பேசர், நட் ஏறுகிற போல்ட்டான ஸ்டட்டின் மரையில் 10 மில்லிமீட்டரைத் தின்றுவிடும். ஸ்டட்டின் தடிமன் அளவுக்காவது மரை பிடித்திருக்க வேண்டும். 12 மி.மீ. தடிமனும் 1.25 மரையும் உள்ள ஜிம்னி ஸ்டட்டுக்கு நட் ஒன்பது, பத்துச் சுற்றாவது போக வேண்டும். குறைந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். தனி ஸ்டட்டோடு, ஹப்பில் இறுக உட்காரும் வளையத்தோடு வருகிற வகை பரவாயில்லை. ஆனால் அதன் உள் நட்டுகளை அவ்வப்போது கழற்றிப் பார்க்கும் பொறுமை வேண்டும். குளச்சல், முட்டம் பக்கம் கடற்கரையில் வண்டி நிறுத்துபவர்களுக்கு இது இரட்டை வேலை. உப்புக்காற்றில் அலுமினிய ஸ்பேசர் ஹப்போடு ஒட்டிப்போய் சுத்தியலால் அடித்தாலும் வராது. மாட்டும்போதே ஹப் வளையத்தில் ஆன்டி-சீஸ் கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். ஸ்டட் மரையில் பூசாதீர்கள். நட்டை இறுக்கும் டார்க் (முறுக்கு விசை) அளவு தப்பிவிடும்.

ரிம் வாங்கும் காசு இருந்தால் ரிம்மே வாங்குங்கள்.

நான்கையும் மாட்டும் முன் ஒன்றை மாட்டுங்கள்

கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: “அண்ணே, ஒரு வீல மட்டும் மாட்டி ஒடிச்சுப் பாக்கணும். சரியா வந்தா மீதி மூணும் ஏத்துங்க.” நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். மறுத்தால் வேறு கடை பாருங்கள். புது டயரை முன்பக்கம் இரண்டு இடத்திலும் மாற்றி மாற்றி மாட்டி, மாவுச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பக்கச் சுவரில் 235 என்றே எழுதியிருந்தாலும் மட் டெரெய்ன் டயர்களின் தோள் பட்டன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். காகிதத்தில் 16 வந்தது கையில் 10 வரலாம்.

மிச்சம் இருக்கும் உரசலுக்கு

ஆஃப்செட்டால் உள்பக்கம் சரியான பிறகும் பம்பர் மூலையில் லேசாகத் தொட்டால், முதலில் லைனரைப் பாருங்கள். கிளிப்பைக் கழற்றி, ஹீட் கன்னால் மெதுவாகச் சூடாக்கி உள்ளே அமுக்கினால் கொஞ்சம் இடம் கிடைக்கும். பின்பக்கம் மட்ஃப்ளாப்பைப் பின்னால் நகர்த்தலாம். அதற்கும் மேல் தேவைப்பட்டால்தான் பம்பரில் வெட்டு.

மேலே ஃபெண்டரில் அடித்தால், சஸ்பென்ஷன் அமுங்குவதைத் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப்பை உயர்த்த வேண்டும். வெறும் லிஃப்ட் கிட் நிற்கும்போது இடைவெளியைக் கூட்டிக் காட்டும். சஸ்பென்ஷன் முழுசா அமுங்கினால் டயர் பழைய இடத்துக்கே வந்து சேரும். லிஃப்ட் போட்டும் கொண்டை ஊசி வளைவின் பள்ளத்தில் உரசுகிறது என்று வருகிறவர்களுக்கு இதுதான் விளக்கம்.

ஸ்டீயரிங் ஸ்டாப் போல்ட்டை நீட்டி ஒடிப்பைக் குறைப்பது இன்னொரு வழி. உள்பக்கம் ஓரிரு மில்லிமீட்டருக்காக அதைத் தொடலாம், அதற்கு மேல் வேண்டாம். மாறாமலை, கோதையாறு பக்கத்து வளைவுகளில் ஒரே ஒடிப்பில் திரும்புகிற வண்டி, அதற்குப் பிறகு ரிவர்ஸ் எடுத்துத் திரும்ப வேண்டி வரும். அந்த இடத்தில் பின்னால் பள்ளம் இருக்கும்.

சட்டமும் காப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பெரிய டயர், வெளியே துருத்தும் ரிம், வெட்டிய பம்பர் மூன்றும் சேர்ந்தால் சாலையில் நிறுத்திக் கேட்பார்கள். விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரரும் கேட்பார். 215/75 அளவோடு, கம்பெனி ரிம்மிலேயே நிற்பதற்கு இதுவும் ஒரு நல்ல காரணம். என்னிடம் கேட்டால், வாரம் ஒருமுறை எஸ்டேட்டுக்குப் போய்வருகிற ஆளுக்கு அதுவே போதும். பாறைமேல் ஏறி இறங்குவதே வேலை என்பவர்களுக்குத்தான் 235.

மாட்டிய பிறகு

நட்டை எதிரெதிராக, வண்டிக் கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்குங்கள், 50 கி.மீ. ஓடியதும் திரும்பப் பாருங்கள். புது ரிம்மின் பெயிண்ட் அமுங்குவதால் முதல் முறை நட் தளர்வது சகஜம். வீல் அலைன்மென்ட் செய்யுங்கள். 235/75 போட்டால் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி பழையதைவிட ஏறத்தாழ 6 சதவீதம் வேகமாக, அதாவது 63-க்கு மேல் ஓடும். வேகக் கேமரா பார்த்து ஓட்டுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 215-இல் அந்த வித்தியாசம் 1.5 சதவீதம்தான்.

ஸ்டெப்னியையும் அதே அளவில், அதே ஆஃப்செட்டில் வாங்குங்கள். பட்ஜெட் இல்லாமல் பழைய 195-ஐயே பின்கதவில் விட்டுவைத்தீர்கள், பேச்சிப்பாறைக்கு மேலே பஞ்சர் ஆகிவிட்டது என்றால், நான்கு வீலும் இழுக்கும் 4எச்-இலோ 4எல்-இலோ ஓட்டாதீர்கள். வெவ்வேறு உயரமுள்ள வீல்கள் முன்னும் பின்னும் கட்டிப் பிடித்துக்கொண்டு கியரை முறுக்கும். 2எச்-க்கு மாற்றுங்கள். பஞ்சர் ஆனது பின்வீல் என்றால் முன்வீலில் ஒன்றைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, சின்ன ஸ்டெப்னியை முன்னால் மாட்டுங்கள். 2எச்-இல் ஜிம்னியை ஓட்டுவது பின் அச்சு என்பதால் அங்கே இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். டாஷ்போர்டில் ஏபிஎஸ் அல்லது இஎஸ்பி விளக்கு எரியக்கூடும். அப்படியே மெதுவாகக் குலசேகரம் வரை இறங்கி, முதல் பஞ்சர் கடையில் நிறுத்துங்கள்.